கத்தரிக்கோல் பிடிக்கத் தகுதி வேண்டாமா?

கடந்த சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஷிட்சு இன நாய் ஒன்றைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஒரு பெண்மணி திருவள்ளூரில் உள்ள என் கடைக்கு வந்தார். மகளின் பொதுத்தேர்வு, மாமியாரின் அறுவைச் சிகிச்சை என்று நான்கு மாதங்களாக நாயின் முடியைக் கவனிக்க முடியவில்லை என்றார். "கெட்ட வாடை வருது தம்பி. நல்லா குளிப்பாட்டி, அழகா வெட்டி விடுங்க" என்பதே அவர் கேட்டது.

நான் குளிப்பாட்டவில்லை. காதுக்குப் பின்னால் பாய்போலத் திரண்டிருந்த சடையை மின்கத்தரியால் மெல்ல நீக்கியபோது, அடியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் புண் இருந்தது. புண்ணுக்குள் புழுக்கள் நெளிந்தன. அதற்குமேல் எதையும் தொடாமல், உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகச் சொன்னேன். அந்தப் பெண்மணி அங்கேயே அழுதுவிட்டார். அவர் கொடுமைக்காரர் அல்லர். நாய்க்குத் தினமும் கோழிக்கறிச் சோறு போட்டவர். தம் கட்டிலிலேயே படுக்க வைத்தவர். ஒரு நாளைக்குப் பத்து முறை தடவிக் கொடுத்த கை, முடியைத்தான் தடவியது. தோலைப் பார்க்கவில்லை.

செல்லப்பிராணிகளுக்கு முடி திருத்திப் பராமரிக்கும் தொழிலில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். 'குரூமிங்' என்றே எல்லோரும் சொல்கிறார்கள். பலகைகளில் 'பெட் ஸ்பா' என்று எழுதுகிறார்கள். ஸ்பா என்ற சொல் வந்தவுடன் இது பணக்காரர்களின் ஆடம்பரம் என்ற எண்ணமும் வந்துவிடுகிறது. என் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர்கள். வாரம் இருமுறை பெரியபாளையம், கவரைப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டிக்குச் சென்று வீடுகளிலேயே வேலை செய்து தருகிறேன். தொழிற்பேட்டையில் ஷிப்டு முறையில் பணியாற்றும் தம்பதியர், ஊரைவிட்டு வந்து அடுக்ககங்களில் தனியாக இருக்கும் இளைஞர்கள், கிடங்குகளில் காவலுக்கு நாய் வைத்திருப்போர் ஆகியோரே அங்கு என்னை அழைப்பவர்கள். பகல் முழுவதும் பூட்டிய வீட்டில் தனித்திருக்கும் நாய்கள் அவை. அவற்றின் உடம்பை அங்குலம் அங்குலமாகப் பார்க்கும் மனிதர் பல வேளைகளில் நான் ஒருவன்தான்.

என் தந்தை முடிதிருத்தும் தொழிலாளி. நாற்பது ஆண்டுகள் கடை வைத்திருந்தார். நான் நாய்களுக்கு முடி வெட்டப் போகிறேன் என்றபோது உறவினர்கள் சிரித்தார்கள், தந்தை சிரிக்கவில்லை. நம் பக்கத்தில் முடிதிருத்துவோரை 'மருத்துவர்' என்று அழைக்கும் வழக்கம் ஏன் வந்தது என்பதை அவர் எனக்கு விளக்கியிருக்கிறார். கட்டிக்குக் கீறலிட்டதும், புண்ணுக்குக் களிம்பு போட்டதும், பிரசவம் பார்த்ததும் ஒரு காலத்தில் அந்தக் குடும்பங்கள்தாம். தலையில் படை, பிடரியில் கட்டி, காதோரம் நிறம் மாறிய மச்சம் என எதுவாயினும் ஊரில் முதலில் கண்டவர் நாவிதரே. வீட்டார் பார்க்காத இடத்தை அவர் பார்த்தார். நானும் அதே வேலையைத்தான் செய்கிறேன். ஒரே வேறுபாடு, தந்தையின் கத்தி சற்றே அழுந்தினால் நாற்காலியில் இருந்தவர் "அண்ணே, எரியுது" என்று சொல்லிவிடுவார்.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாயைக் குளிப்பாட்டுவதில் என்ன இருக்கிறது என்றுதான் பலரும் கேட்கிறார்கள்.

குளியலுக்கு முன்னால் சீவ வேண்டும். வீடுகளில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. சிக்கு விழுந்த முடி நனைந்தால், வெந்நீரில் போட்ட கம்பளிபோல இறுகிவிடும். அதன் அடியில் ஈரம் இரண்டு மூன்று நாள்கள் தங்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்த ஈரமே புண்ணாக மாறும். பிறகு ஈ வந்து உட்காரும், புழு வைக்கும். மேற்சொன்ன ஷிட்சுவுக்கு நேர்ந்தது அதுதான். "வாரம் தவறாமல் குளிப்பாட்டினேனே" என்று அந்தப் பெண்மணி சொன்னது உண்மை. சீவாமல் குளிப்பாட்டியதே வினையாயிற்று.

சிக்கைக் கத்தரிக்கோலால் வெட்டக் கூடாது. சடைக்குள் தோலும் இழுபட்டு மடிந்திருக்கும். முடி என்று எண்ணி வெட்டினால் தோல் பிளந்துவிடும். கால்நடை மருத்துவர்களிடம் தையல் போட வரும் நாய்களில் இப்படி வீட்டில் வெட்டுப்பட்டவையும் உண்டு. தோலை ஒட்டி மின்கத்தரியைச் செலுத்தி, சடையை அடியோடு எடுப்பதே பாதுகாப்பான வழி. அப்போதும் ஓர் எச்சரிக்கை வேண்டும். ஓடிக்கொண்டே இருக்கும் பிளேடு சில நிமிடங்களிலேயே சூடேறிவிடும். அடிக்கடி நிறுத்தி, என் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வேன். என் தோல் பொறுக்காத சூடு, அதன் அடிவயிற்றுக்கு ஆகாது.

மனிதர்களின் ஷாம்பூவையும் சோப்பையும் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்வது வியாபாரத் தந்திரம் அன்று. நம் தோல் சற்று அமிலத்தன்மை கொண்டது. நாயின் தோல் நடுநிலையை ஒட்டியது, நம்முடையதைவிட மெல்லியது. நமக்கென்று செய்த சோப்பு அதன் எண்ணெய்ப் பசையைக் கழுவி வறட்சியைத் தரும். அரிப்பு எடுக்கும், சொறியும், சொறிந்த இடத்தில் கிருமி சேரும். உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவும் பழக்கம் எங்கள் மாவட்டத்தில் இன்னும் இருக்கிறது. தோல் வெந்துபோவது ஒருபுறம். நாய் அதை நக்கி விழுங்கினால், வாந்தியில் நுரையீரலுக்குள் சென்றுவிடும் ஆபத்து மறுபுறம்.

நகத்துக்குள் நரம்பும் இரத்தக்குழாயும் ஓடுகின்றன. வெள்ளை நகத்தில் இளஞ்சிவப்பாகத் தெரியும்; கறுப்பு நகத்தில் தெரியாது. எனவே அரிசி அளவு அரிசி அளவாகத்தான் வெட்ட முடியும். முன்னங்காலின் உட்புறத்தில் தரையைத் தொடாத ஒரு நகம் உண்டு. அது தேயாமல் வளைந்து வளர்ந்து, சதைக்குள்ளேயே இறங்கியிருப்பதை மாதம் ஒரு முறையாவது பார்க்கிறேன். நாய் நொண்டுகிறது என்று முட்டுவலி மாத்திரை கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

கை முடியில் வேலை செய்யும்போது கண் வேறெங்கோ இருக்க வேண்டும். ஈறு வெளுத்திருக்கிறதா, காதில் நாற்றம் உண்டா, பெட்டை நாயின் மடியில் கட்டி தட்டுப்படுகிறதா, ஆசனவாயை ஒட்டிய சுரப்பி வீங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போவேன். விரல் இடுக்குகளிலும் காது மடிப்பிலும் உண்ணிகள் கொத்தாக இருந்தால் வீட்டாரிடம் பசி எப்படி, மூக்கில் இரத்தம் வந்ததா என்று விசாரிப்பேன். உண்ணி மூலம் பரவும் எர்லிகியா, பேபிசியா கிருமிகள் இரத்தத்தைத் தாக்குபவை. எர்லிகியா இரத்தத் தட்டணுக்களைக் குறைக்கும்; பேபிசியா சிவப்பணுக்களை அழிக்கும். நாய் நன்றாகத்தான் இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் நாள்களிலேயே நோய் உள்ளே வேலை செய்யும். இதையெல்லாம் கண்டுபிடித்து மருந்து கொடுப்பது என் வேலை அன்று. கண்டதைச் சொல்லி மருத்துவரிடம் அனுப்புவது என் வேலை.

இந்த எல்லைக்கோடுதான் எங்கள் தொழிலில் அடிக்கடி அழிகிறது. 'உண்ணி ஊசி' என்று ஒன்றைப் பலரும் கேட்கிறார்கள். சில கடைகளில் போடவும் செய்கிறார்கள். பெரும்பாலும் அது ஐவர்மெக்டின். கோலி உள்ளிட்ட சில மேய்ச்சல் இன நாய்களுக்கு மரபணு மாறுபாடு காரணமாக அம்மருந்து மூளைக்குள் புகுந்து உயிரையே பறிக்கக்கூடும். நாய்களுக்கான பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவினால் வலிப்பு கண்டு இறக்கலாம். கடிக்கும் நாயை அடக்க மயக்க மருந்து கொடுத்துவிட்டு முடி வெட்டும் இடங்களும் இருக்கின்றன. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கழகச் சட்டப்படி, பதிவு பெற்ற மருத்துவர்தாம் விலங்குகளுக்குச் சிகிச்சை அளிக்கலாம். ஊசி போடும் குரூமர், சட்டப்படி போலி மருத்துவரே.

அடுத்தது வெயில். திருத்தணி எங்கள் மாவட்டத்தில் இருக்கிறது. கோடை வந்தால் மாநிலத்தில் அதிக வெப்பம் பதிவான ஊர்களின் பட்டியலில் அதன் பெயர் தவறாமல் இடம்பெறும். அக்னி நட்சத்திரம் தொடங்கும் முன்பே எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் ஒரே கோரிக்கையோடு வரும்: "வெயில் தாங்கல, மொட்டை அடிச்சு விட்டுடுங்க." திருத்தணி மலையேறி மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்டால் தலை குளிர்வது நம் அனுபவம். நாய்க்கு அப்படி ஆவதில்லை. நமக்கு உடம்பெங்கும் வேர்க்கிறது. வேர்வை உலரும்போது குளிர்ச்சி கிடைக்கிறது. நாய்க்கு வேர்வை பெரும்பாலும் பாதங்களில்தான். அது இரைத்து, நாக்கின் வழியாகவே வெப்பத்தை வெளியேற்றுகிறது. ஜெர்மன் ஷெப்பர்டு, ஹஸ்கி, கோல்டன் ரெட்ரீவர், பொமரேனியன் முதலிய இனங்களுக்கு முடி இரண்டு அடுக்காக இருக்கும். மேலே நீண்ட முரட்டு முடி. அடியில் பஞ்சுபோன்ற மென்முடி. மேலடுக்கு வெயில் நேராகத் தோலில் படாமல் காக்கிறது. அதை வழித்துவிட்டால் தோல் கருகுகிறது. சில நாய்களுக்கு வழித்த முடி மாதக்கணக்கில் முளைப்பதே இல்லை. முளைத்தாலும் திட்டுத்திட்டாக வருகிறது. இவ்வினங்களுக்குச் செய்ய வேண்டியது, உதிர்ந்து உள்ளே அடைந்து கிடக்கும் மென்முடியைச் சீவி எடுத்துக் காற்றோட்டம் தருவது. அதற்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். மொட்டை அடிக்க இருபது நிமிடம் போதும். கூலி இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே என்றால் அவசரக்காரர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

கும்மிடிப்பூண்டியில் ஒரு கிடங்கின் தகரக் கூரைக்கடியில் கட்டியிருந்த ஜெர்மன் ஷெப்பர்டுக்கு மொட்டை அடிக்க என்னை அழைத்தார்கள். நான் மறுத்து, அதைக் கட்டும் இடத்தை மாற்றி வேப்பமர நிழலில் விடச் சொன்னேன். மேலாளருக்குக் கோபம் வந்தது. வேறு ஆளைக் கூப்பிட்டு அடித்துவிட்டார்கள். அடுத்த முறை அந்த வழியே போனபோது, அதன் முதுகுத் தோல் உரிந்திருந்தது.

2024இல் தமிழக அரசு நாய் இனப்பெருக்கக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு, அலாஸ்கன் மலமூட், பக் முதலான சில வெளிநாட்டு இனங்கள் நம் தட்பவெப்பத்துக்கு ஏற்றவை அல்ல என்று கூறி அவற்றை இனப்பெருக்கம் செய்யத் தடை விதித்தது. நாய் வளர்ப்போர் அமைப்புகள் அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குச் சென்றன. வழக்கின் நியாயங்களை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். என் மேசையில் நின்று இரைக்கும் ஹஸ்கியைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது, அந்த எண்ணத்தில் தவறில்லை என்பதே. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்ற நம் நாட்டு நாய்களைப் பாருங்கள். குட்டை முடி, மெலிந்த உடல், நீண்ட முகம். வெயிலுக்கென்றே வார்த்தவை போன்றவை. அவற்றுக்கு என் கடையில் பெரிய வேலை கிடையாது. என் வருமானம் முழுவதும் இந்த மண்ணுக்குப் பொருந்தாத முடியிலிருந்து வருகிறது என்பதை ஒப்புக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

இனி, எழுதத் தயங்கிய பகுதிக்கு வருகிறேன்.

இத்தொழிலுக்கு வந்த முதல் ஆண்டில், சென்னையின் மேற்குப் புறநகரில் ஒரு கடையில் உதவியாளனாக இருந்தேன். பயிற்சி என்று எதுவும் இல்லை. முதலாளி செய்வதைப் பார்த்துச் செய்வதுதான். மே மாதத்தில் ஒரு நாள், குளிப்பாட்டிய பக் நாயைக் கம்பிக்கூண்டில் விட்டு, வெளியே டிரையரை மாட்டி ஓட விட்டோம். எல்லா நாய்களையும் அப்படித்தான் உலர்த்துவோம். குளிர்சாதனம் அன்று ஓடவில்லை. நான் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது அது பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. நாக்கு கருநீலமாக இருந்தது. தண்ணீர் ஊற்றினோம், ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். மருத்துவரிடம் போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது. உரிமையாளரிடம் "இதயம் பலவீனமா இருந்திருக்கு, ஷாக் தாங்கல" என்று முதலாளி சொன்னார். நான் அருகில் நின்றேன். வாய் திறக்கவில்லை. அந்தப் பெரியவர், "நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்" என்று எங்களுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, நாயை அதன் சிவப்புத் துண்டிலேயே சுற்றி எடுத்துப் போனார்.

அது ஏன் இறந்தது என்பதைப் பின்னாளில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை. 106ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் சேதமடையத் தொடங்கும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுப்பாதை குறுகலானது. இரைத்து வெப்பத்தை வெளியேற்றும் வழியே அவற்றுக்குப் பாதி அடைபட்டிருக்கிறது. ஈரக் கூண்டுக்குள் சூடான காற்றைச் செலுத்தினால் புழுக்கம் கூடி, இரைப்பதாலும் பயன் இல்லாமல் போகும். பயத்தில் மேலும் இரைக்கும்; தொண்டை வீங்கும். கூண்டின் அருகில் ஒரு ஆள் நின்றிருந்தால், நாக்கின் நிறம் மாறும்போதே வெளியே எடுத்திருக்கலாம். அறிந்த ஒருவருக்கு அரைமணி நேரத்தில் கற்றுக்கொடுக்கக்கூடிய செய்தி இது. எனக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் முதலாளிக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இப்போது சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்போருக்கு 2017ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. செல்லப்பிராணி விற்கும் கடைகளுக்கு 2018ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. இருசாராரும் மாநில விலங்குநல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். விற்காமல், முடி மட்டும் வெட்டுகிற கடை இவ்விரண்டு வலைகளுக்கும் இடையே நழுவிவிடுகிறது. உள்ளாட்சி அமைப்பின் தொழில் உரிமம் வாங்கினால் போதும். அதில் யார் வெட்டுகிறார், என்ன கற்றார் என்ற கேள்வியே கிடையாது. ஏதேனும் நேர்ந்தால் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். 1960இல் இயற்றப்பட்ட அச்சட்டத்தின் 11ஆவது பிரிவில், முதல் குற்றத்துக்குத் தண்டனை 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை அபராதம். அச்சிட்ட பிழை அன்று, ஐம்பது ரூபாய்தான். பாரதிய நியாய சம்ஹிதையின் 325ஆவது பிரிவு ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. ஆனால், அது தீங்கிழைக்கும் எண்ணத்தோடோ தீங்கு நேரும் என்று அறிந்தோ செய்த செயலுக்கு. அறியாமையால் கூண்டில் வேகவிட்டவனை அது தொடாது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். சேவைக் குறைபாடு என்று இழப்பீடும் கேட்கலாம். நாய் செத்த வீட்டில் அதற்கு மனம் இருக்குமா?

வெளிநாடுகளில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல நான் வரவில்லை. பிரிட்டனில் குரூமருக்கு உரிமம் கட்டாயமில்லை. ஆயினும், அங்கே 2006ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டம், ஒரு விலங்கைத் தற்காலிகமாகப் பொறுப்பில் வைத்திருப்பவருக்கும் அதன் நலனைக் காக்கும் கடமை உண்டு என்கிறது. தொழில் கற்போருக்குப் படிநிலையான தேர்வுகளும் சான்றிதழ்களும் இருக்கின்றன. சான்றிதழ் உள்ளவரைத் தேடிப் போகும் பழக்கம் வாடிக்கையாளரிடம் உண்டாகியிருக்கிறது. நம் ஊரிலும் சான்றிதழ்கள் இருக்கின்றனதான். சில வாரப் பயிற்சிக்குப் பெருந்தொகை வாங்கிக்கொண்டு, சட்டம் போட்ட வண்ணத்தாளைக் கையில் கொடுக்கும் நிறுவனங்கள் பெருகிவருகின்றன. கடன் வாங்கி அங்கு சேர்ந்த இளைஞர்கள் என்னிடம் வேலை கேட்டு வரும்போது, நகத்தின் இரத்தக்குழாய் எங்கே முடிகிறது என்று கேட்டால் விழிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. நானும் அப்படி வந்தவன்தான்.

இந்த இளைஞர்களின் நிலையையும் சொல்லாமல் விட முடியாது. பலருக்கு நிலையான சம்பளம் இல்லை. ஒரு நாய்க்கு இவ்வளவு என்று கழிவு. அதனால் ஒரு நாளைக்கு எத்தனை நாய்களை முடிக்கிறோம் என்பதே வயிற்றுப்பாடு. அவசரம் கைக்கு வரும். கை நாயின் மேல் வரும். கடி வாங்குவது அன்றாடம். அந்நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறார்களா என்று கேட்டால், "போட்டிருப்போம்" என்பார்கள், அட்டையைக் காட்டமாட்டார்கள். வெறிநோய் வந்துவிட்டால் காப்பாற்ற வழி ஏறக்குறைய இல்லை. எனவே, நாய்களோடு பழகும் தொழிலில் இருப்போர் கடிபடும் முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. என்னுடன் வேலை செய்த ஒருவரும் அதைக் கேள்விப்பட்டதில்லை. நாள் முழுவதும் குனிந்து நிற்பதால் இடுப்பு போய்விடுகிறது. பறக்கும் முடியால் இழுப்பு வருகிறது. முகக்கவசம் அணியுங்கள் என்று சொன்னால் நாய் பயப்படுகிறது என்று கழற்றிவிடுகிறார்கள். அதுவும் உண்மைதான்.

இதற்கு என்ன செய்யலாம்? உரிமம் என்ற பெயரில் இன்னொரு அலுவலகத்துக்கு இன்னொரு கட்டணம் என்று ஆகிவிட்டால், குளிர்சாதன மாளிகையில் கடை வைத்திருப்பவர் கட்டிவிடுவார். பையில் கருவிகளைப் போட்டுக்கொண்டு பைக்கில் போகிறவர் மறைந்து தொழில் செய்வார். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலில் வேண்டியது கற்க ஓர் இடம். சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1989இல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. எங்கள் மாவட்டத்துக் கொடுவள்ளியிலேயே அதன் உணவு மற்றும் பால்வளத் தொழில்நுட்பக் கல்லூரி இயங்குகிறது. கோழி வளர்ப்புக்கும் ஆடு வளர்ப்புக்கும் ஊர் மக்களுக்குப் பயிற்சி நடத்தும் பல்கலைக்கழகம், மூன்று மாதப் பயிற்சி ஒன்றைக் குறைந்த கட்டணத்தில் நடத்த முடியாதா? தோலின் அமைப்பு, வெப்பத்தாக்கின் அறிகுறி, உண்ணிநோய், முதலுதவி, எந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும் என்ற எல்லை ஆகியவை அதில் வேண்டும். கொண்டை கட்டி ரிப்பன் வைப்பதைப் பிறகு யூடியூபில் பார்த்துக்கொள்ளலாம்.

அதன் பிறகு பதிவு. சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு உரிமமும் மைக்ரோசிப்பும் வேண்டும் என்று வலியுறுத்திவருகிறது. நாயையே பதிவு செய்கிற நிர்வாகத்துக்கு, அதன்மேல் மின்கத்தரி வைப்பவரைப் பதிவு செய்வது பெரிய காரியம் அன்று. ஆவடி மாநகராட்சியும் திருவள்ளூர் நகராட்சியும் கும்மிடிப்பூண்டி பேரூராட்சியும் ஒரு பதிவேடு வைத்தால்கூடப் போதும். கடையில் ஒரு நாய் இறந்தால் அதில் எழுதப்பட வேண்டும். உடற்கூறு ஆய்வு செய்யப்பட வேண்டும். இன்று அது நடப்பதில்லை. "இதயம் பலவீனம்" என்ற இரண்டு சொற்களில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

அதுவரை, நாய் வளர்ப்போர் சிலவற்றைக் கேட்டு வாங்கலாம். உங்கள் நாயை வேலை செய்யும் இடத்தில் கண்ணாடி வழியாகவாவது பார்க்க அனுமதி உண்டா என்று கேளுங்கள். எப்படி உலர்த்துவீர்கள், அப்போது அருகில் யார் இருப்பார் என்று கேளுங்கள். ஊசி போடுவேன், மயக்க மருந்து கொடுப்பேன் என்று சொன்னால் நாயைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். தடுப்பூசி அட்டையைக் கேட்காத கடையிலும் விடாதீர்கள். உங்களிடம் கேட்காதவர், உங்களுக்கு முன்னால் வந்தவரிடமும் கேட்டிருக்கமாட்டார். வீட்டில் ஒரு எஃகுச் சீப்பு வாங்கிவைத்து, தொலைக்காட்சி பார்க்கும் நேரத்தில் பத்து நிமிடம் சீவுங்கள். மேலாகச் சீவினால் பயனில்லை. முடியை வகிடு வகிடாகப் பிரித்து, தோல் தெரியும்படி சீவ வேண்டும்.

அந்த ஷிட்சு ஆடி மாதத்தில் மறுபடியும் வந்தது. புண் ஆறியிருந்தது, அந்த இடத்தில் மட்டும் முடி இன்னும் வரவில்லை. இந்த முறை தேர்வு முடித்த மகள்தான் அழைத்துவந்திருந்தாள். தினமும் தானே சீவுவதாகச் சொன்னாள். வகிடு பிரித்துப் பார்த்தேன், சிக்கே இல்லை. குளிப்பாட்டி மேசையில் நிறுத்தினேன். என் கடையில் கூண்டு டிரையர் கிடையாது. துண்டால் ஒற்றி, மிதமான காற்றில் கையால் பிடித்தபடியே உலர்த்துவேன். ஒரு நாய்க்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். அதனால் நாள் ஒன்றுக்கு ஐந்து நாய்களுக்கு மேல் நான் ஏற்பதில்லை. அன்று அது இரண்டாவது நாய்.